நீ, நீங்க, அது

சப்டைட்டில் எழுதும் வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒரு ஆங்கிலப் படம் கைக்கு வந்தால் முதலில் ஒரு தாளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதி, நடுவே அம்புக்குறி போடுவேன். யார் யாரை 'நீ' என்பார், யார் யாரை 'நீங்க' என்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் இதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட நகராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஓடிடி செயலிக்காகப் பழைய பேய்ப் படங்களின் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இருந்தது. அது யார் வேண்டுமானாலும் போடக்கூடிய படம். வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமைக் குறிப்பைப் புதியதில் விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது.

பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு. வெளியே செத்து எழுந்து வரும் பிணங்கள், உள்ளே ஏழு பேர். அவர்களில் பென் மட்டும் கறுப்பர். டுவேன் ஜோன்ஸ் நடித்தது. படம் முழுக்க அவருடைய நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் பலகை அடிக்கிறார், துப்பாக்கியைத் தேடி எடுக்கிறார், மற்றவர்களுக்கு வேலை சொல்கிறார். கூப்பர் என்கிற வெள்ளைக்காரர் நிலவறைக்குள் பதுங்கலாம் என்று அடம்பிடிக்கிறார். இரண்டு பேருக்கும் சண்டை.

என் தாளில் கூப்பரிடமிருந்து பென்னுக்குப் போன அம்புக்குறியில் 'நீ' என்றும், பென்னிடமிருந்து கூப்பருக்குப் போனதில் 'நீங்க' என்றும் இருந்தது. யோசித்து எழுதியதே இல்லை, கை தானாக எழுதியது. கூப்பர் வயதில் மூத்தவர், குடும்பஸ்தர் என்று ஒரு காரணம் சொல்லலாம். அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு இடத்தில் பென் பொறுமை இழந்து, நிலவறையில் நீ முதலாளியாக இருந்துகொள், இங்கே மேலே நான்தான் என்று கத்துவார். என் வரி இப்படி ஓடியது: "கீழ போய் நீங்க முதலாளியா இருந்துக்கங்க." ஜோன்ஸின் முகத்துக்கும் கீழே ஓடிய எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் ஜோன்ஸைப் பற்றித் தேடிப் படித்தேன். பென் முதலில் அதிகம் படிக்காத, கரடுமுரடாகப் பேசும் லாரி ஓட்டுநராக எழுதப்பட்ட வேடம். தேர்வில் மற்றவர்களைவிட நன்றாக நடித்ததால் ஜோன்ஸுக்குக் கிடைத்தது. நன்கு படித்தவர் அவர். அப்படிப் பேச மாட்டேன் என்று மறுத்து, வசனங்களைத் தானே மாற்றிக்கொண்டார் என்று உடன் நடித்தவர் சொல்லியிருக்கிறார். அவர் மேலே தூக்கி வைத்ததை, ஐம்பது வருடம் கழித்து ஒரு விகுதியால் நான் கீழே இறக்கியிருந்தேன். தாளைக் கிழித்துப்போட்டு முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.

அதே தொகுப்பில் 'கிங் ஆஃப் தி ஸாம்பீஸ்' (1941) என்ற படமும் இருந்தது. மான்டன் மோர்லண்ட் அதில் வேலைக்காரர். அந்தக் காலத்துப் பேய்ப் படங்களில் கறுப்பு நடிகர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இதுதான்: கண்ணை உருட்டிப் பயப்படுவது, சிரிப்பு மூட்டுவது. எனக்கு வந்த குறிப்பில் "காமெடி கேரக்டர், கொச்சையாக எழுதவும்" என்று இருந்தது. ஆனால் தீவில் செத்தவர்கள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்பவரே அவர்தான். எஜமானர்கள் நம்புவதில்லை. உண்மை பேசுகிற ஒரே ஆளை நான் ஏன் கோமாளியாக்க வேண்டும்? நகைச்சுவையை அப்படியே வைத்துக்கொண்டேன், கொச்சையை நீக்கினேன். இதெல்லாம் நடிகர்கள் முன்பே போட்ட சண்டைதான். 1972இல் 'பிளாக்குலா'வில் நடித்த வில்லியம் மார்ஷல், தன் பாத்திரம் ஆப்பிரிக்க இளவரசனாக இருக்க வேண்டும் என்று நின்று வாங்கினார். அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவிடம் போகும் இளவரசன் அப்படித்தான் பிறந்தான்.

ரொமேரோவின் படத்தில் என்னை அதிகம் படுத்தியது கடைசிக் காட்சி. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்து பென் ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார். காலையில் துப்பாக்கிகளோடும் நாய்களோடும் ஊர்க்கூட்டம் வருகிறது. ஜன்னலில் நிற்கும் அவரைப் பிணம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். முடித்த படத்தை எடுத்துக்கொண்டு காரில் நியூயார்க் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். அது 1968 ஏப்ரல். 2017இல் வெளிவந்த 'கெட் அவுட்' படத்தை ஜோர்டன் பீல் எடுத்தபோதும் கறுப்பு நாயகனைப் போலீஸ் பிடித்துப்போகும் முடிவைத்தான் முதலில் படமாக்கினார், பிறகு மாற்றினார். அந்தப் படத்தில் போலீஸ் விளக்கு மின்னும்போது தியேட்டரில் எல்லோருக்கும் திக்கென்றது அவன் தப்புவானா என்றுதான். உதவி வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பென் விழுந்ததும் ஷெரீஃப் பேசும் வரியில், முதலில் செத்தது 'அவன்' என்பது போல வருகிறது. அடுத்த மூச்சிலேயே, நெருப்புக்கு இன்னொன்று என்கிறார். ஆங்கிலத்தில் இது காதில் படாமல் நழுவிவிடும். தமிழில் மறைக்க இடமில்லை, திணை காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை பிணங்களுக்கெல்லாம் 'அது' என்றும் உள்ளே இருந்தவர்களுக்கு உயர்திணையும் போட்டு வந்திருந்தேன். இங்கே "செத்துட்டான். போய் எடுத்துட்டு வாங்க. நெருப்புக்கு இன்னொண்ணு" என்று எழுதினேன்.

சரிபார்ப்பவரிடமிருந்து கோப்பு திரும்பி வந்தது. அந்த வரிக்குச் சிவப்புக் கோடு, பக்கத்தில் "திணை வழு, ஒரே மாதிரி ஆக்கவும்" என்ற குறிப்பு. இலக்கணப்படி அவர் சொன்னது சரி. நான் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். வழு என்னுடையது அல்ல, அந்தக் கூட்டத்தினுடையது, அதை நான் திருத்தினால் அவர்கள் செய்தது தெரியாமல் போய்விடும் என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். படத்தை முழுதாகப் பார்த்தேன் சார், கடைசியில் அந்தப் போட்டோக்கள், கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவது எல்லாம் பார்த்தேன் என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இன்னொண்ணு இருக்கட்டும்" என்றார்.