சரிவில் உருளும் பிள்ளைகள்

ஏற்காட்டில் எங்கள் அங்கன்வாடிக்குப் பின்னால் ஒரு புல் சரிவு இருக்கிறது. பிள்ளைகள் அதில் உருள்வார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மல்லுக்கட்டுவார்கள். நான் தடுப்பதில்லை. கல்லையும் சில்வர் ஓக் சுள்ளியையும் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன்.

"கை கால் உடைஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது?" என்றார் பேரனை விட வந்த பாட்டி.

"மூஞ்சியைப் பாருங்க அம்மாயி" என்றேன்.

விளையாட்டுச் சண்டையில் சிரிப்பு இருக்கும். கீழே கிடந்தவன் அடுத்த நிமிடம் மேலே இருப்பான், விட்டதும் மறுபடி அவனிடமே ஓடுவான். நிஜச் சண்டையில் புருவம் நெரியும், ஒரு பிள்ளை தப்பிக்கப் பார்க்கும். அப்போதுதான் நான் குறுக்கே போவேன். மற்றபடி சட்டம் இரண்டே: கழுத்தைத் தொடக்கூடாது, 'போதும்' என்றால் விட்டுவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பலகையும் பல்பமும் எங்கே போய்விடும்? (இதைச் சொன்னால் சில அப்பாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.)

மழைக்காலத்தில் சரிவு வழுக்கும். அப்புறம் உள்ளேதான்: பழைய சேலையை முறுக்கிக் கயிறு இழுப்போம், துணி அடைத்த சாக்கை முட்டித் தள்ளுவோம். பெண் பிள்ளைகளை ஒதுங்கி உட்கார விடுவதில்லை. சாக்கைச் சுவர்வரை தள்ளுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

தாய்மார்களிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளைச் சட்டை வேண்டாம், அழுக்கானால் திட்டாத துணியாகப் போட்டு அனுப்புங்கள்.