ஸ்டாக்ஹோமில் மதியச் சாப்பாடு

ஸ்டாக்ஹோம் போகிற நண்பர்களே, வெளியில் சாப்பிடுவதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விலை எகிறிவிடும். வார நாட்களில் பல உணவகங்களின் வாசலில் ‘டாகென்ஸ் லஞ்ச்’ (இன்றைய மதியச் சாப்பாடு) என்று பலகை இருக்கும். பெரும்பாலும் 11 மணியிலிருந்து 2 மணி வரை. ஒரே விலையில் சூடான சாப்பாடு, சாலட், ரொட்டி, கடைசியில் காபி.

எனக்கு மிகவும் பிடித்தது ஹோட்டோர்யெட் சதுக்கத்துச் சந்தையின் கீழ்த்தளத்தில் இருக்கும் ‘காய்சாஸ் ஃபிஸ்க்’ என்ற மீன் உணவகம். மீன் சூப்தான் வாங்க வேண்டும். கிண்ணம் ஆவி பறக்க வரும். மீன் துண்டு, சிப்பி, மேலே ஒரு கரண்டி பூண்டு மணக்கும் அயோலி, அதாவது மயோனைஸ் மாதிரி ஒரு கெட்டி சாஸ். அதை மொத்தமாகக் கலக்கிவிடாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுங்கள். குளிரில் நடந்து வந்த உடம்புக்கு அப்படி ஒரு சுகம்!

1888-இல் திறந்த ஓஸ்டர்மால்ம் சந்தைக்கூடம் கண்ணுக்கு விருந்து. விலை அதிகம்தான், ஆனாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்புறம், நகரின் ஸ்லூசென் பகுதிப் பக்கம் போனால் வறுத்த ஸ்ட்ரோம்மிங் மீனை விட்டுவிடாதீர்கள். நம் மத்தி மாதிரி சின்ன மீன், மொறுமொறுவென்று இருக்கும்.

கையில் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை.