நைனா எப்போ வருவாரு?

ஜூன் 8, சனி

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வேலூர் சத்துவாச்சாரி மாடி அறையில் நான் நடத்தும் தாய்மார் கூட்டம். மின்விசிறி சுற்றியும் வேர்வை அடங்கவில்லை. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், எல்லாருமே புருஷனின் அடிக்குத் தப்பிப் பிள்ளைகளோடு வெளியே வந்தவர்கள். பட்ட கதையை இங்கே நான் கேட்பதில்லை. பிள்ளை வளர்ப்புதான் பேச்சு.

ஒருத்தியின் ஏழு வயதுப் பையன் ராத்திரியில் பாயை நனைக்கிறான். தம்பியை அறைகிறான், அதுவும் அப்பன் திட்டுகிற அதே வார்த்தையோடு. "அந்த ரத்தம்தானேக்கா, வேற எப்படி இருப்பான்?" என்று அழுதாள். ரத்தமில்லை, பயம். அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கதவு தட்டுகிற சத்தம்கூடத் தூக்கிவாரிப்போடும். நனைத்ததற்கு அடித்தால் பயம் இன்னும் கூடும். திட்டாமல் பாயை மாற்றிப் போடு, தம்பியை அடிக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்து, ஆனால் கத்தாதே என்றேன். சொல்வது எளிது. நாளெல்லாம் வேலை செய்து களைத்தவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 15, சனி

"பிள்ளையைப் பிடுங்கிக்குவாங்க" என்ற பயம் எல்லாரிடமும் இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இதற்கென்றே உள்ளது. பிள்ளையைத் தாயிடம் தற்காலிகமாக ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள் உதவி எண்ணான 181ஐ எல்லாரும் போனில் பதிந்துகொண்டார்கள்.

ஜூன் 29, சனி

"நைனா எப்போ வருவாரு?" என்று ஐந்து வயது மகள் தினமும் கேட்கிறாளாம். "இவ்ளோ பட்டும் அவரைத்தானே தேடுறா" என்று தாய்க்கு ஆத்திரம். நான் வாய் திறக்குமுன் காட்பாடியிலிருந்து வருகிற அக்கா பேசினார்: "தேடட்டும் விடும்மா. உன்மேல பாசம் இல்லாமலா உன்கிட்ட வந்து கேக்குறா?"

அப்புறம் எல்லாரும் சேர்ந்து பதிலைச் சொல்லிப் பார்த்தோம். "நைனா அடிச்சது தப்பு. அது உன்னால இல்ல. அவரை உனக்குப் பிடிக்கிறதும் தப்பில்ல." மூன்றாவது வரியில் அந்தத் தாய்க்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் இருந்தவள் மகளாக நடித்து மறுபடி கேட்டாள். இந்த முறை முழுசாகச் சொல்லிவிட்டாள்.

சரி, அடுத்த வாரம் பேச வேண்டியது: அப்பா பார்க்க வருகிற நாளில், "செலவுக்குப் பணம் கேளு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் இருப்பது.