ஆமைத் தீவில் இரண்டு இரவு

ஏப்ரல் 11, 2024, வியாழன். கீ வெஸ்ட்

நாளைக் காலை ஆறரைக்கு படகுத்துறையில் நிற்க வேண்டும். மணி பதினொன்று ஆகிறது, மச்சான் இன்னும் கைத்தராசில் பைகளைத் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் தவிர ஆளுக்கு 60 பவுண்டு வரை கொண்டுபோகலாமாம். அடுப்புக்கு கேஸ், மண்ணெண்ணெய் எதுவும் படகில் ஏறாது, கரி மட்டும்தான். அரிசி, பருப்பு, ஊறுகாய், ஒரு மாங்காய் எல்லாம் எடுத்தாயிற்று. மாங்காய் எதற்கு என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சித்திரை ஒண்ணு அத்தான், மறந்துட்டீங்களா?" என்றான். மறந்துதான் போயிருந்தேன்.

போகிற இடம் டிரை டோர்டூகாஸ் என்ற தீவுக்கூட்டம். ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவூரான இந்தக் கீ வெஸ்டிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 70 மைல், நடுக்கடல். 1513 இல் போன்ஸ் டி லியோன் என்ற ஸ்பானியர் வந்து ஆமைகளைப் பிடித்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். டோர்டூகாஸ் என்றால் ஆமைகள். 'டிரை' பிற்பாடு கடல் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டது, 'இங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது' என்று மாலுமிகளுக்குச் சொல்வதற்காக. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது கணக்கு. சமையலுக்கும் சேர்த்து நாலு கேலன் கேன் இரண்டு வாங்கியிருக்கிறோம். தாராளம்.

ஏப்ரல் 12, வெள்ளி. கார்டன் கீ தீவு

படகுப் பயணம் இரண்டே கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது. அப்புறம் ஆழ்கடல் அலை. தூத்துக்குடிக்காரன், எனக்கென்ன வாந்தி வரப்போகிறது என்று மாத்திரை போடாமல் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

கோட்டை தெரிகிற விதம் விசித்திரம். தீவு தெரியாது, மரம் தெரியாது. கடல்மேல் செங்கல் நிறத்தில் ஒரு கோடு, அது மெல்லத் தடித்துச் சுவராகிறது. தீவு முழுக்கக் கோட்டைதான், மிச்சமிருக்கிற மணலில் எங்கள் கூடாரமும் இன்னும் சிலருடையதும்.

ஃபோர்ட் ஜெஃபர்சன். 1846 இல் வேலையைத் தொடங்கி முப்பது வருடம் போலக் கட்டினார்கள், முடிக்கவில்லை. அறுகோணம். ஒரு கோடியே 60 லட்சம் செங்கல். அத்தனையும் கப்பலில் வந்தது. கட்டியவர்களில் கீ வெஸ்ட் முதலாளிகளிடமிருந்து வாடகைக்கு எடுத்த அடிமைகளும் உண்டு. கூலி முதலாளிக்கு, வெயில் அவர்களுக்கு. சுவரை உற்றுப் பார்த்தால் கீழே வெளிறிய செங்கல், மேலே கருஞ்சிவப்பு. கீழேயுள்ளது ஃபுளோரிடாவின் பென்சகோலா பக்கம் சுட்டது. உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்கிலிருந்து கல் நின்றுபோய் வடக்கிலிருந்து வரவழைத்தார்கள். ஒரு நாடு இரண்டாகப் பிரிந்த உயரத்தை விரலால் தொட்டுக் காட்டலாம்.

மாலையில் மூன்று மணிக்குப் படகு கிளம்பியதும் இடமே மாறிவிட்டது. பகல் கூட்டம் போய், பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம். செல்போன் சிக்னல் இல்லை. பீரங்கி அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவு வளைவாக ஓடுகின்றன. கடலைப் பார்த்த கீழ்த்தளப் பீரங்கித் துளைகளில் இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள். குண்டு வெளியே போகும்போது தானாகத் திறந்து மூடும், எதிரியின் குண்டு உள்ளே வராது. நல்ல யோசனைதான். ஆனால் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து உப்பியது, உப்பிய இரும்பு சுற்றியிருந்த செங்கலைப் பிளந்து தள்ளியது. நான் பார்த்த ஒரு துளையில் சுவரின் முகமே கழன்று அகழிக்குள் கிடந்தது. துரு அடுக்கடுக்காக, பழைய புத்தகத்தின் ஏடு மாதிரி. விரல் பட்டதும் ஒரு ஏடு உதிர்ந்தது, பயந்து கையை எடுத்துவிட்டேன். இந்தக் கோட்டையை எந்த எதிரியும் தாக்கியதில்லை.

இரவு முழுக்கப் பக்கத்துத் தீவான புஷ் கீயில் ஆலாப் பறவைகள் கத்துகின்றன. பல்லாயிரம். பிறந்த குஞ்சு கடலுக்குப் போனால் சில வருடம் கரையே மிதிக்காதாம், முட்டையிட மட்டும் இங்கே வரும். இப்போது முட்டைக்காலம், அந்தத் தீவில் யாரும் கால் வைக்கக்கூடாது. சத்தத்துக்கு அந்தத் தடை கிடையாது.

ஏப்ரல் 13, சனி

காலையில் கண் விழித்ததே மச்சானின் சத்தத்தில்தான். "அத்தான், கேனைப் பாருங்க!"

இரண்டாவது கேன் காலி. கீழ் மூலையில் எலி கடித்த ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் அளவு. சாப்பாட்டுப் பையைக் கம்பத்தில் பத்திரமாகக் கட்டித் தொங்கவிட்டவர்கள் தண்ணீரைத் தரையில் வைத்திருந்தோம். நன்னீர் இல்லாத தீவில் எலிக்கு அரிசியைவிடத் தண்ணீர்தானே பெரிது! மணல் ஈரமாகக்கூட இல்லை, ஒழுகிய அத்தனையையும் மணலே குடித்துவிட்டது. முதல் கேனில் பாதி இருக்கிறது, இரண்டு கேலன். நாளை மதியம் வரை ஓட்ட வேண்டும். செத்துப் போகமாட்டோம், சோறு வடிக்கத்தான் முடியாது.

இதற்குப் பிறகு கோட்டையின் மழைநீர்த் தொட்டிக் கதையை வேறு மாதிரி கேட்டேன். சுவர்களுக்கு அடியில் 109 தொட்டிகள். கூரையில் விழுகிற மழை மணல் நிரப்பிய குழிகள் வழியே இறங்கி, வடிந்து, தொட்டியில் சேர வேண்டும். பொறியாளர்கள் தீவின் அடியில் பாறை இருப்பதாக நினைத்தார்கள். இருந்தது மணலும் உடைந்த பவளமும். கோட்டையின் பாரத்தில் தரை அமுங்க, தொட்டிகள் விரிசல்விட, கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் நிலக்கரி எரித்துக் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். கூட்டம் அதிகமிருந்த காலத்தில் இங்கே கிட்டத்தட்ட 2,000 பேர்.

வீணான தண்ணீரும் சும்மா இருக்கவில்லை, கொசு வளர்த்தது. 1867 இல் மஞ்சள் காய்ச்சல் வந்து 38 பேர் இறந்தார்கள், கோட்டை மருத்துவரும் அதில் ஒருவர். அப்போது கைதியாக இருந்த ஒரு மருத்துவர்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். சாமுவேல் மட். லிங்கனைச் சுட்ட பூத்தின் உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டவர், சதியில் பங்கு என்று ஆயுள் தண்டனை. 1869 இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மன்னித்து விடுவித்தார். காய்ச்சலுக்கு அகழியின் நாற்றக் காற்றுதான் காரணம் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். கொசு என்று உறுதியானது 1900 இல்தான். அவர் இருந்த அறையில் நின்று பார்த்தேன். தரை ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. தாகத்தோடு நின்றதால் எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பத்தரைக்குப் படகு வந்ததும் போய்க் குளிர்பானம் வாங்கிக் குடித்தோம். சரி, படைவீரர்களுக்கு இந்த வசதி இருந்திருக்காது.

பிற்பகல் முழுக்கக் கடலுக்குள். அகழிச் சுவரின் வெளிப்பக்கம் இடுப்பளவு ஆழத்திலேயே மீன் தொடங்கிவிடுகிறது. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் துல்லியமாகக் கேட்கும், யாரோ பக்கத்தில் முறுக்கு தின்பது போல. தின்ற பவளம் பின்னால் மணலாக வருகிறது. நாங்கள் கூடாரம் போட்ட வெள்ளை மணலில் கொஞ்சமாவது அப்படி வந்ததுதான் என்று சொன்னதும் மச்சான் படுக்கையை உதறப் போனான். சிதைந்த பழைய நிலக்கரித் துறையின் தூண்களுக்கு இடையே சீலா மீன்கள் அசையாமல் வரிசையாக நின்றன, ரயிலுக்குக் காத்திருப்பவை மாதிரி. கடல் விசிறிகள் ஊதா நிறத்தில், அலை போகிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன.

ஒரு மூளைப் பவளத்தின் மேல் நெடுநேரம் மிதந்தேன். அண்டா அகலம் இருக்கும். ஒரு பாதி தேன் நிறம், மடிப்பு மடிப்பாக உயிரோடு. மறு பாதி வெறும் எலும்பு, அதன்மேல் பாசி. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. 2014 இல் மயாமி பக்கம் தொடங்கிய பவள நோய் 2021 இல் இங்கேயும் வந்துவிட்டது. முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் கலந்த பசையை இப்படிப்பட்ட கோடுகளில் கையால் பூசுகிறார்கள். நம் வீட்டு மாத்திரை டப்பாவில் கிடக்கும் அதே அமாக்சிசிலின். எங்கள் ஊர்ப் பக்கம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டி வண்டியாக அனுப்பிய காலம் எனக்குத் தெரியும். இங்கே ஒவ்வொன்றாக மருந்து போடுகிறார்கள். அது போதுமா என்றால், போன வருடக் கோடையில் ஃபுளோரிடாக் கடல் கொதித்த கொதிப்புக்கு எந்தப் பசையும் இல்லை.

பக்கத்துக் கூடாரத்து முதியவர், மீன்பிடிக்க வந்தவர், எங்கள் ஓட்டைக் கேனைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கேலன் கொடுத்தார். பதிலுக்கு ஊறுகாய் கொடுத்தோம். கொஞ்சம் நாக்கில் வைத்தார், முகம் சிவந்தது, கொடுத்த தண்ணீரையே கொஞ்சம் திருப்பிக் கேட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு. மாலை, கீ வெஸ்ட்

விடியற்காலை கரியடுப்பில் முக்கால் டம்ளர் தண்ணீரில் மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ இல்லை. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று மாங்காய்த் தோலை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்து, பாதி வழியில் வேறொரு காலிச் சங்கைக் கண்டதும் தோலை விட்டுவிட்டு அதை அளந்து பார்த்தது. பிடிக்கவில்லை போல. திரும்பி வருவதற்குள் தோலை இன்னொன்று எடுத்துப் போயிருந்தது.

திரும்பும்போது மாத்திரை போட்டுக்கொண்டேன்.

விடுதிக்கு வந்ததும் குழாயைத் திறந்து வாயை வைத்து இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தோம். இந்த ஊருக்கும் சொந்தத் தண்ணீர் கிடையாது. 130 மைல் நீளக் குழாயில், தீவுக்குத் தீவு தாண்டி, நிலப்பகுதியிலிருந்து வருகிறது. முதல் குழாயைப் போட்டது 1942 இல் கடற்படை. அதற்கு முன் இங்கேயும் கூரை மழையும் தொட்டியும்தான்.

சிக்னல் வந்ததும் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது, வாழ்த்துகள். நடுவில் அம்மாவின் குரல் பதிவு: "நல்ல நாளும் அதுவுமா தலைக்குத் தண்ணி ஊத்தினீங்களா ரெண்டு பேரும்?"

மச்சான் குளியலறைக் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் ஆகிறது. தண்ணீர் விழுகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை. இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டேன்.