24ஆவது பார் எங்கே?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே ஒரு வீட்டு அறைதான் என் ஸ்டூடியோ. ரயில் போகும்வரை மைக்கை மூடிவைத்துக் காத்திருந்தே பாதி வாழ்க்கை போய்விட்டது. அதனால் கொம்பியூட்டருக்குள்ளேயே முடிகிற வேலை என்றால் எனக்குத் தனிச் சந்தோஷம். ஒரு பாடகர் குழுவின் மாஸ்டர், இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதிய நத்தார் பாடல்களைக் கொண்டுவந்தபோது உடனே ஒத்துக்கொண்டேன். நான்கு குரல்கள், ஓர் ஓர்கன். ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டுப் பழக ஒரு ஒலிப்பதிவு வேண்டும். மிடி கோப்பாக (ஒலி இல்லை, எந்தச் சுரம் எப்போது என்கிற கட்டளைகள் மட்டும்) எடுத்து, ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இழுத்துவிட்டால் சரி, ஒரு மாலை வேலை என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாஸ்டரிடமிருந்து அழைப்பு. “தம்பி, எங்கட டெனர் ஆக்கள் பொம்பிளையளை விட மேலே பாடுகினம். என்ன நடந்தது?”

போட்டுக் கேட்டேன். உண்மைதான். அவர் டெனர் வரிக்கு, அதாவது ஆண்களின் உயர்குரலுக்கு, சாதாரண ட்ரெபிள் க்ளெஃப் (சுரங்களின் உயரத்தைச் சொல்லும் தொடக்கக் குறி) போட்டிருந்தார். பாடுகிறவர்கள் அதைப் பார்த்ததும் ஒரு ஸ்தாயி கீழேதான் பாடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அடியில் சின்ன 8 இருக்கிற க்ளெஃபைப் போட்டிருந்தால் மென்பொருளுக்கும் புரிந்திருக்கும். 12 அரைச்சுரம் கீழே இறக்கினேன், ஒரு நிமிட வேலை. ஆனால் கேட்காமலே அனுப்பிய வெட்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பெரிய வேலை சத்தத்தில் இருந்தது. தாளில் நீண்டுபோகும் ஒரு சுரத்தின் கீழே சத்தத்தைக் கூட்டச் சொல்லும் கிரெசெண்டோ கோடு போட்டால் பாடகர் மூச்சைக் கூட்டிக்கொண்டே போவார். மிடியில் சுரத்தின் அழுத்தத்தைச் சொல்லும் வெலோசிட்டி என்கிற எண், 127 வரை போவது, சுரம் தொடங்கும் கணத்துக்கு மட்டும்தான். அதன்பிறகு நடப்பதைக் கன்ட்ரோலர் தரவு தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கோப்பில் அது இல்லை. நான் பயன்படுத்திய குரல் சாம்பிளோ (முன்பே பதிவுசெய்த குரல்களின் தொகுப்பு) கீபோர்டில் உள்ள மொட் வீல் என்கிற சக்கரத்துக்குத்தான் அசையும். முதல் பாட்டு தேங்காய் துருவும் இயந்திரம் பாடியதுபோல ஒரே சீராக ஓடியது. கடைசியில் ஒரு கையால் வீலைத் தள்ளிக்கொண்டு, நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு, நான்கு குரலுக்கும் நான்கு தடவை பதிவு செய்தேன். மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

பாடல் வரிகளும் மிடி வழியாக வந்து கேள்விக்குறிகளாக நின்றன. மிடி கோப்பு வடிவம் 1988இல் வந்தது, யூனிகோட் அதற்குப் பிறகு. தமிழை அது எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. இசைத்தாளையே பகிர்வதற்கான மியூசிக்எக்ஸ்எம்எல் என்கிற கோப்பு வடிவில் வாங்கியபோது எழுத்து ஒழுங்காக வந்தது. இப்போது இரண்டையுமே கேட்டு வாங்குகிறேன்: வேகத்துக்கு மிடி, வரிக்கு மற்றது. ரீப்பர் மிடியை ஏற்றும்போது டெம்போவையும், அதாவது பாட்டின் வேகத்தையும், எடுக்கவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தி, ஒரு பாட்டை முழுக்கத் தப்பான வேகத்தில் ஓடவிட்ட கதையும் உண்டு.

மாஸ்டரோடு பேசுவதுதான் கடைசிவரை சிக்கல். “24ஆவது பாரில் ஆல்ட்டோ கொஞ்சம் கூட” என்பார். பார் என்றால் தாளில் கோடு பிரிக்கும் ஒரு தாளக் கட்டம், ஆல்ட்டோ பெண்களின் தாழ்குரல். அந்தப் பாட்டு அரைகுறைப் பாரில் தொடங்குகிறது. தாளில் அதற்கு எண் இல்லை, என் திரையில் அதுதான் 1. அப்புறம் அவர் போட்ட ரிப்பீட் குறிகளை மிடி இரண்டு தடவையாக விரித்துவிட்டிருந்தது. அவருடைய 24 என்னிடம் 41. ஒரு மணி நேரம் வேறு இடத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது அவர் எண் சொல்வதில்லை. வரியைப் பாடிக்காட்டி, “இதில, தம்பி” என்கிறார். நானும் திரையில் மார்க்கர்களுக்கு அந்தச் சொற்களையே பெயராக வைத்துவிட்டேன்.