தேவாலயத்தைப் பிரிந்து நிற்கும் மணிக்கோபுரம்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்கு வேலை நிமித்தம் குடிவந்த புதிதில், முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, நல்லதொரு மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எனக்கு வேண்டியிருந்தது திசை தெரிவதுதான். வளைந்து நெளியும் கால்வாய்க் கரைகளில் சைக்கிளோட்டும் புதியவருக்கு டொம் கோபுரமே அடையாளம். 2019இல் தொடங்கி 2024இன் இறுதியில் முடிவடைந்த சீரமைப்புக்காக அப்போது அதைச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள். அந்த நிலையிலும் அது தொலைவிலிருந்தே கண்ணுக்குப் பட்டது.

1321இல் தொடங்கி 1382இல் முடிக்கப்பட்ட இந்தக் கோதிக் மணிக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 112 மீட்டர். நாட்டின் தேவாலயக் கோபுரங்களில் இதற்கு மிஞ்சியது இல்லை. எழும்பிக்கொண்டிருந்தபோதே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. டெவென்டர் நகரத்துப் போதகர் ஹேர்ட் க்ரோட்டே, இவ்வளவு செலவும் வீண்பெருமைக்கே என்று கண்டித்துத் தனி நூலே எழுதினார். பின்னால் தேவாலயத்துக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது அவர் பக்கமும் நியாயம் இருந்ததாக எனக்குப் படுகிறது.

ஏனெனில், கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையே இன்று ஒரு திறந்தவெளி கிடக்கிறது. பணம் போதாமல், உரிய தாங்குவலு இன்றி எழுப்பப்பட்ட நடுக்கூடம் 1674 ஆகஸ்ட் 1 அன்று வீசிய புயலில் இடிந்து விழுந்தது. தனித்து எழுப்பப்பட்டிருந்த கோபுரம் தப்பியது. இடிபாடுகளை அகற்றி முடிக்க 1826 வரை ஆயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்காலம் நகரின் நடுவே அந்தக் கற்குவியலைச் சுற்றியே மக்கள் நடமாடியிருக்கிறார்கள் என்பதை, எதையும் சீராக வைத்திருக்கும் இன்றைய உத்ரெக்டில் வாழ்ந்துகொண்டு நம்புவது கடினம். நடுக்கூடத்தின் சுவடு இப்போது டொம்ப்ளெய்ன் சதுக்கத்தின் தரைக்கற்களில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை, 465 படிகள் ஏறச் சொல்வதற்கு முன் அந்தக் கோட்டின்மேல் நடக்கச் சொல்வேன்.

மணிகளுக்கும் தனி வரலாறு உண்டு. 1505இல் ஹேர்ட் வான் வவ் வார்த்தவற்றுள் பெரியதான சல்வாத்தோர் மட்டும் எட்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. 1664இல் ஹெமொனி வார்த்த இன்னிசை மணித்தொகுதியை வாங்குவதற்காக, வான் வவின் சிறிய மணிகள் ஏழும் விற்கப்பட்டன. அவற்றின் இடத்தில் 1982இல் புதியவை பொருத்தப்பட்டன. பெரிய மணிகளை இன்றும் கயிறு பிடித்து இழுத்தே ஒலிக்கிறார்கள். அந்தப் பணியைச் செய்பவர்கள் 1979இல் தொடங்கிய மணியடிப்போர் சங்கத்தின் தன்னார்வலர்கள்.