மலாவி டேங்க்ல செடியும் ஜாவா மாஸும் – மஞ்சக்குப்பம் டைரி

மே 11, 2025

நாலடி டேங்க், ஆப்பிரிக்கா மலாவி ஏரி மீனுங்க, சிக்லிட்னு சொல்ற குடும்பம். எலக்ட்ரிக் எல்லோ ஒரு கூட்டம், கூடவே ரெட் ஜீப்ரா. வெறும் கல்லும் மணலுமா பாத்து அலுத்துப் போச்சு, பச்சையா ஏதாவது வைக்கலாம்னா மீன் கடை அண்ணன் சிரிக்கிறாரு, "சிக்லிட்ல செடியா, காலைல நட்டா சாயங்காலம் மேல மிதக்கும் தம்பி, பிளாஸ்டிக் வாங்கினு போ"ன்னு. மணல்ல நடற செடிக்கு அவரு சொல்றது சரிதான், இதுங்களுக்கு தோண்டறது தான் பொழப்பு, வாய் நெறைய மணல அள்ளி தள்ளிப் போய் துப்பும், எந்த வேர் நிக்கும்? ஆனா மண்ணே கேக்காத செடி இருக்கே. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி மாதிரி படர்ற ஜாவா மாஸ், மூணும் கல்லுலயோ கட்டைலயோ ஒட்டி வளரும். எல தடிப்பா, கடிக்க கஷ்டமா இருக்கறதால முதல் ரெண்டையும் பெரும்பாலும் தின்னாது. மாஸ் தான் கொஞ்சம் சந்தேகம்.

மே 14

கொளத்தூர்லேர்ந்து பார்சல் வந்துருச்சு. படிகாரத் தண்ணில ஊற வச்சு அலசினேன், நத்தை கொறையும். அப்படியும் தப்பி வந்தா கவலை இல்ல, எலக்ட்ரிக் எல்லோ குட்டி நத்தைய விடாது.

அனுபியாஸ்க்கு படுத்தாப்ல ஒரு பச்சைத் தண்டு இருக்கும், அதை மணல்ல பொதைச்சா அழுகிடும், ஃபெர்னுக்கும் அதே கதை. கல்ல நல்லா துடைச்சு ஃபெவிக்விக் ரெண்டு சொட்டு, தண்ட வச்சு அழுத்திப் புடிச்சா போதும். தண்ணி பட்டதும் பசை வெள்ளையா பூத்துக்கும், பாக்க அசிங்கமா தான் இருக்கும், போகப்போக பாசி படிஞ்சு மறைஞ்சுடும்.

மாஸ தான் உக்காந்து பொறுமையா கட்டினேன். பஞ்சு நூல் போட்டா ஊறி மக்கிடும், ஃபெர்னுக்கு அதுக்குள்ள வேர் புடிச்சுடும், மாஸ் அப்படி கெட்டியா புடிக்காது. அதனால துறைமுகம் பக்கம் வலைக் கடைல மெல்லிசா தூண்டில் நரம்பும் பொடிக் கண்ணு வலைத் துண்டும் வாங்கினேன். மாஸ பிச்சு பிச்சு கல்லு தெரியற அளவுக்கு மெல்லிசா பரப்பி, மேல வலையப் போத்தி, அடியில நரம்பால இழுத்துக் கட்டியாச்சு. தடியா அப்பினா அடிப்பக்கம் வெளிச்சம் போகாம பழுத்துடும்.

மே 27

அக்னி நட்சத்திரம் நாளையோட முடியுதாம், டேங்க் தெர்மாமீட்டர்ல 32. மீனுங்க மேல வந்து மூச்சு வாங்குது, மாஸ் நுனியெல்லாம் பழுப்பு. மூடிய எடுத்துட்டு டேபிள் ஃபேன தண்ணி மேல திருப்பி விட்டதுல ரெண்டு டிகிரி எறங்குச்சு, ஆனா தண்ணி மடமடன்னு வத்துது. வத்தறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நிக்குது, அதுக்கு மேல போர் தண்ணிய ஊத்தினே இருந்தா உப்பு ஏறினே போகும். அதனால கொறையறதுக்கு உப்பு கம்மியான கேன் தண்ணி, வாராவாரம் மாத்தறதுக்கு மட்டும் போர் தண்ணி. நம்ம தெரு தண்ணி பக்கெட்ல வெள்ள வெள்ளையா படியும், தலைக்கு ஊத்தினா முடி கொட்டுதுன்னு வீட்ல திட்டு. மலாவி மீனுக்கு அதான் சரி, அந்த ஏரித் தண்ணியே பிஹெச் (அமில-கார அளவு) 7.7லேர்ந்து 8.6 வரைக்கும் இருக்கும். இந்த மூணு செடியும் அதைத் தாங்கும், கலர் கலரா ஆசை காட்டற செவப்புச் செடிங்க தாங்கறது கஷ்டம்.

ஜூன் 19

மச்சான் வந்தான், ஃபெர்ன் எலைக்கு அடியில பழுப்பு பழுப்பா வரிசையா புள்ளி இருக்கறத பாத்துட்டு "இன்னா மச்சான் நோவு வந்துருச்சு, புடுங்கி போட்டுடு"ங்கறான். நோவு இல்லடா, அது விதை மாதிரி. எல நுனில குட்டிச் செடி ஒண்ணு வேரோட தொங்கறத காட்டினப்புறம் தான் நம்பினான், போகும்போது அதையே கேட்டு வாங்கினு போயிட்டான்.

ரெட் ஜீப்ரா மாஸ கொத்தினே இருக்கு. ஏரில கல்லு மேல படிஞ்ச பாசிய சொரண்டித் தின்ற ஜாதி, அதுக்கு மாஸும் கல்லும் ஒண்ணுதான். பாலக்கீரைய வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி கிளிப்ல மாட்டி விட்டா மாஸ் பக்கம் போறது கொறையுது. எப்படியும் பச்சை தான் இதுங்களுக்கு நல்லது, புழுவா போட்டுனு இருந்தா வயிறு ஊதி செத்துப் போறதும் உண்டு. வலைக் கண்ணு வழியா புதுசா எளம்பச்சையா முள்ளு முள்ளா வெளிய வருது, கொத்தறதெல்லாம் மேல நீட்டினு இருக்கறத மட்டும் தான், அடிப்பாகம் வலைக்குள்ள பத்திரம்.

ஜூலை 13

எலக்ட்ரிக் எல்லோ பொட்டை ஒண்ணு மூணு வாரம் போல முட்டைய வாய்க்குள்ளயே அடைகாத்து, தாடைய உப்ப வச்சுனு, தீனி திங்காம மூலைலயே கெடந்துச்சு. இன்னிக்கு மாஸ் கல்லுக்குள்ள டார்ச் அடிச்சா குஞ்சுங்களோட கடுகு மாதிரி கண்ணுங்க! அம்மாவ கூப்ட்டு காட்டினேன், குனிஞ்சு பாத்துட்டு "ஜிலேபி மீனும் இப்படித்தான்டா, அரியும்போது வாயில முட்டையா இருக்கும்"னாங்க. அதுவும் இதே குடும்பம் தான், ஆப்பிரிக்காலேர்ந்து கெளம்பி 1952ல இந்தியாவுக்கு வந்து சேந்தது. வெறும் கல்லு டேங்கா இருந்தா இந்நேரம் ஜீப்ரா குஞ்சுங்கள முழுங்கியிருக்கும். பிடிச்சு தனியா போடல, மாஸ்ல ஒட்டினு இருக்கற நுண்ணுயிர கொத்தித் தின்னுனு இருக்குதுங்க, தப்பிக்கறது தப்பிக்கட்டும்.

நாளைக்கு காலைல 9லேர்ந்து 5 வரைக்கும் கரண்ட் கட். செடி இருந்தா ஆக்சிஜன் வரும்னு சும்மா இருக்க முடியாது, லைட் எரியலன்னா செடியும் ஆக்சிஜன இழுக்கும். பேட்டரி ஏர் பம்ப இப்பவே சார்ஜ் போட்டாச்சு, நாளைக்கு தீனி கட்.